கை முறுக்கும் காந்தச் சுருளும்

நான் கணினியில் வடிவமைத்த முதல் காந்தக் காயில்களில் பிழை என்று எதுவுமே இல்லை. காந்தப்புலக் கோடுகள் ஓடவேண்டிய வழியைவிட்டு எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் இங்கே பிழை. திரையில் எண்கள் மளமளவென்று இறங்கி, சுழிக்குப் பக்கத்தில் போய் நின்றன. இரவு பதினொன்றரை மணி. ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து முடிவைத் திறந்து பார்த்தால், காயில்களில் மின்சாரமே இல்லை. நிரல் ரொம்ப நேர்மையாக ஒரு விடையைக் கண்டுபிடித்திருந்தது: சுவிட்சை அணைத்துவிடு. காந்தப்புலமே இல்லையென்றால் அதில் பிழை எங்கிருந்து வரும்?

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் விழும் முதல் பள்ளம் இது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு காயிலுக்காவது இத்தனை ஆம்பியர் என்று பூட்டி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தேட விடவேண்டும். பயிற்சிக் குறிப்பில் அது எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

இந்தக் காயில்கள் அணுக்கரு இணைவுக்கானவை, அதாவது சூரியனில் நடப்பதுபோல அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பதற்கு. எனக்கும் அதற்கும் தொழில்முறைத் தொடர்பு ஒன்றும் கிடையாது. பகலில் வேறு ஒரு வேலைக்கு நிரல் எழுதுகிறேன். ஆனால் காயில் என்ற சொல் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கோவைப் பக்கம் மாமா பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் கருகிய மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவுவது என் வேலை. வார்னிஷ் வாசனை இன்றைக்கும் எனக்கு மே மாத வாசனைதான். இணைவுக்கான காந்தக் கருவிகளில் ஒன்றான ஸ்டெல்லரேட்டரின் காயில் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு இயற்பியல் எதுவும் தோன்றவில்லை. இதை யார், எப்படிச் சுற்றினார்கள் என்றுதான் தோன்றியது. சூடான கம்பி வளையத்தை யாரோ கோபத்தில் கசக்கி எறிந்ததுபோல ஒரு வடிவம்.

அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் கை முறுக்கிலிருந்து தொடங்கலாம். அச்சில் பிழிகிற முறுக்கைச் சொல்லவில்லை. சீர்த்தட்டில் வைக்கிற, கையால் சுற்றுகிற முறுக்கு. மாவை விரலால் திருகிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவார்கள். அதன் முதுகில் ஓடும் ஒரு வரியைப் பின்தொடர்ந்து பாருங்கள். மேலே தொடங்கும் வரி, வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் வெளிப்பக்கம் இறங்கி, அடியில் நுழைந்து, உள்பக்கமாக மேலேறிவிடும். வட்டத்தைச் சுற்றுவது ஒரு சுற்று, தன்னைத்தானே சுற்றுவது இன்னொரு சுற்று. பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவை, பிடித்துவைக்கும் காந்தப்புலக் கோடுகள் இப்படித்தான் ஓடவேண்டும்.

ஓடாவிட்டால் என்ன? பத்து கோடி டிகிரி வெப்பத்தில் இருக்கும் பிளாஸ்மாவை எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது, காந்தப்புலத்தில்தான் மிதக்கவிட வேண்டும். மின்னூட்டம் பெற்ற துகள்கள் புலக்கோட்டை ஒட்டியே ஓடும் என்பதால், கோட்டின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. வளைத்த புலம் உள்பக்கம் வலுவாகவும் வெளிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வால் நேர்மின் துகள்கள் மேல்நோக்கி நகர்ந்தால், எலக்ட்ரான்கள் கீழ்நோக்கி நகரும். மேலும் கீழுமாகப் பிரிந்த மின்னூட்டம் ஒரு மின்புலத்தை உண்டாக்கி, மொத்தப் பிளாஸ்மாவையும் வெளிச்சுவரில் கொண்டுபோய் மோதவிட்டுவிடும். கோட்டில் முறுக்கு இருந்தால், மேலே சேர்ந்த மின்னூட்டம் அந்தக் கோட்டின் வழியாகவே கீழே போய்ச் சமனாகிவிடும்.

முறுக்கைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்துவது ஒன்று. அதுதான் ரஷ்யர்களின் டோகமாக். காயில்கள் எளிமையானவை, ஆனால் அந்த மின்னோட்டம் எப்போது முரண்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மற்றது, பிளாஸ்மாவைத் தொந்தரவு செய்யாமல் வெளியே இருக்கும் காயில்களின் வடிவத்தாலேயே முறுக்கைக் கொண்டுவருவது. அதுதான் ஸ்டெல்லரேட்டர். தலைவலி முழுவதும் காயில் கட்டுகிறவன் தலையில்.

1951 மார்ச்சில் அர்ஜென்டினாவின் அதிபர் பெரோன், தன் நாட்டில் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்திவிட்டதாக அறிவித்தார். அது வெறும் புரளி. ஆனால் அந்தச் செய்தி பிரின்ஸ்டனில் இருந்த வானியலாளர் லைமன் ஸ்பிட்சரை யோசிக்க வைத்தது. ஆஸ்பெனில் பனிச்சறுக்குக்குப் போனவர், மலையேற்றும் இழுவை நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தாராம். அவர் கண்ட வழி குழாயை எட்டு என்ற எண்போல மடக்குவது. சாதாரண வட்டக் காயில்களே போதும், குழாயின் மடிப்பே முறுக்கைத் தந்துவிடும். பொய்ச் செய்தியிலிருந்து பிறந்த நல்ல யோசனை. ஆனால் பிரின்ஸ்டனின் அடுத்தடுத்த கருவிகளில் பிளாஸ்மா எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கசிந்தது. 1968-இல் சோவியத்தின் டி-3 டோகமாக் நல்ல முடிவுகளைக் காட்டியது. மறு வருடம் பிரிட்டிஷ் குழுவொன்று லேசரோடு மாஸ்கோவுக்கே போய் அளந்து பார்த்து அதை உறுதிசெய்தது. பிரின்ஸ்டன் தன் மாடல் சி ஸ்டெல்லரேட்டரைப் பிரித்து டோகமாக்காக மாற்றிக் கட்டிவிட்டது. அப்புறம் வெகுகாலம் இந்த வழியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் முக்கியமாக ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும்தான்.

ஜெர்மனியில் கார்கிங் ஊரிலிருந்த மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரர்கள்தான் கேள்வியையே தலைகீழாகத் திருப்பியவர்கள். அதுவரை எல்லோரும் காயிலை வரைவார்கள், அது தரும் புலத்தைக் கணக்கிடுவார்கள், பிளாஸ்மா அதில் நிற்குமா என்று பார்ப்பார்கள். 1980-களில் யூர்கன் நியூரன்பெர்கும் கூட இருந்தவர்களும், முதலில் காயிலையே மறந்துவிடுவோம் என்றார்கள். பிளாஸ்மாவுக்கு என்ன வடிவம் பிடிக்கும்? எந்த வடிவத்தில் துகள்கள் குறைவாகக் கசியும்? கணினியில் அதைத் தேடுவோம், காயிலை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அந்த அப்புறம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

காயில் தெரிந்தால் புலத்தைக் கணக்கிடுவது சுலபம். பயோ-சவார் விதி இருநூறு வருடப் பழசு, கல்லூரி முதல் வருடக் கணக்கு. புலத்தைக் கொடுத்துக் காயிலைக் கேட்பதுதான் பிசாசு. எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பியில் கட்டும் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்கிறேன். கோயில் வாசலில் நின்றால் நாதஸ்வரத்தின் ஒவ்வொரு கமகமும் கேட்கும். தெருமுனைக்குப் போனால் தவில் மட்டும். ஊர் எல்லையில் வெறும் தும் தும். நுணுக்கம் வழியிலேயே செத்துவிடுகிறது. காந்தப்புலமும் அப்படித்தான். காயிலில் இருக்கும் நுணுக்கமான நெளிவுகள், விலகிப் போகப் போக மடங்கு மடங்காகத் தேய்ந்துவிடும். பிளாஸ்மாவின் ஓரத்தில் நமக்கு நுணுக்கமான புலம் வேண்டுமென்றால், இங்கிருந்தே கமகம் தெருமுனையில் கேட்கவேண்டும் என்று அடம்பிடிப்பதுபோல. ஒலிபெருக்கி அலறவேண்டும். காயிலைப் பொறுத்தவரை அலறல் என்றால் பயங்கரமான நெளிவு, ஒன்றோடொன்று உரசுகிற வளைவுகள், எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று தின்றுகொள்ளும் மின்னோட்டங்கள்.

இன்னொரு தொல்லையும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும் என்றால், வெவ்வேறு காயில்கள் கிட்டத்தட்ட ஒரே புலத்தைத் தரும் என்றுதானே அர்த்தம்? எது சரியான காயில் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. கிட்டத்தட்டச் சரியான விடைகள் கணக்கில்லாமல் உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை யாராலும் செய்ய முடியாது.

1987-இல் பீட்டர் மெர்க்கல் எழுதிய நெஸ்காயில் என்ற நிரல் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. பிளாஸ்மாவைச் சுற்றி ஒரு கற்பனைத் தோல் போர்த்துங்கள். அதன்மேல் மின்னோட்டம் மெல்லிய தகடாகப் பரவி ஓடட்டும். எந்தப் பரவல் நமக்கு வேண்டிய புலத்தைத் தருகிறது என்பது நேரான கணக்கு, கணினி நொடியில் போட்டுவிடும். கிடைத்த பரவலை மலை வரைபடத்தின் உயரக்கோடுகள்போல வெட்டினால் ஒவ்வொரு கோடும் ஒரு காயில். 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மேட் லாண்ட்ரமன் இதையே கொஞ்சம் திருத்தி ரெக்காயில் என்று வெளியிட்டார். புலத்தின் பிழையோடு மின்னோட்டத்தின் நெரிசலுக்கும் ஒரு அபராதம் போட்டார், அவ்வளவுதான் திருத்தம். பிழையை விரட்டிக்கொண்டு அலறப் போகும் ஒலிபெருக்கிக்கு ஒரு கட்டுப்பாடு. சின்ன மாற்றம்தான், ஆனால் காயில்களுக்கு நடுவே இடைவெளி கூடியது, பிழையும் குறைந்தது.

இப்போது தோலையும் விட்டுவிட்டார்கள். காயிலை வெறும் இடத்தில் மிதக்கும் ஒரு வளைகோடாக எடுத்துக்கொண்டு, நேராக அதையே நெளிக்கலாம். நான் பயன்படுத்துவது சிம்சாப்ட், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பைத்தான் நிரல்தொகுப்பு. தொடக்கத்தில் வட்டக் காயில்களைப் பிளாஸ்மாவைச் சுற்றி வளையல்கள்போல அடுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் எவ்வளவு நெளித்தால் பிழை குறையும் என்று நிரல் பார்த்துப் பார்த்து நகர்த்தும். நான்கு காயில்களை மட்டும் நெளித்தால் போதும், சமச்சீரால் அவை பதினாறாகப் பெருகிக்கொள்ளும்.

மின்னோட்டத்தைப் பூட்டிய பிறகு நான் ஓட்டிய இரண்டாவது ஓட்டத்தில், நீளத்துக்கு வரம்பு வைக்க மறந்தேன். காலையில் பார்த்தால் இடியாப்பம். பிழை அழகாகக் குறைந்திருக்கிறது, காயில்கள் ஒன்றின் வழியாக இன்னொன்று புகுந்து ஓடுகின்றன. சரி என்று நீளத்துக்கு ஒரு வரம்பு, காயிலுக்கும் காயிலுக்கும் இடைவெளிக்கு ஒரு வரம்பு, வளைவின் கூர்மைக்கு ஒரு வரம்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வரம்புக்கும் பிழை கொஞ்சம் ஏறும். நீளத்தைச் சற்றுத் தளர்த்தினால் இறங்கும். பேரம்தான், வேறில்லை. எந்த வரம்புக்கு எவ்வளவு எடை என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது, மனுஷன்தான் சொல்லவேண்டும். அந்த இடத்தில் எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்ததால்தான் மாமாவிடம் போனேன்.

நீளத்தைத் தாராளமாக விட்ட ஓட்டத்திலிருந்து ஒரு காயிலை உள்ளங்கை அளவில் முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வைத்தால் நிற்காமல் ஆடியது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி உட்கார நான் விட்டிருந்த பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றார்.

"ஏங் கண்ணு, இங்க உள்ளாற வளையுதே. இழுத்துச் சுத்துனா கம்பி தூக்கிக்குமே?"

நான் பதில் சொல்வதற்குள் கீழே கிடந்த துண்டுக் கம்பியை எடுத்துச் சுற்றியே காட்டினார். வெளிப்பக்கம் புடைத்த வளைவுகளில் கம்பி சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. உள்வாங்கிய இடத்தில் வில்லின் நாண்போலப் பள்ளத்தை விட்டு எழும்பி நின்றது. அங்கே இடதுகைப் பெருவிரலை வைத்து அமுக்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனார். மூன்றாவது சுற்றில், "இதுக்கு இன்னொரு கை வேணும்" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் புல்லரித்தது. என் நிரலுக்கு உள்வளைவும் வெளிவளைவும் ஒன்றுதான், வளைவின் அளவு மட்டும்தான் அதற்குத் தெரியும். கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றுகிறவனுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஜாதி. உள்வளைவு வருகிற இடமெல்லாம் பிடிமானம் வைத்து அமுக்கித்தான் சுற்றியாகவேண்டும். காயில் வடிவமைக்கிற குழுக்கள் தனியாகக் கவலைப்படுகிற விஷயம் இது. மாமா அரை நிமிஷத்தில் அங்கே வந்துவிட்டார்.

"நெசமாலுமே இதைய எவனாச்சும் சுத்தியிருக்கானா?"

சுத்தியிருக்கிறார்கள். ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற ஸ்டெல்லரேட்டர் நிற்கிறது. அதில் மொத்தம் 70 மீகடத்திக் காயில்கள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாதவை. 20 தட்டையானவை, 50 நெளிந்தவை. அந்த 50-இலும் வடிவம் என்று பார்த்தால் ஐந்துதான், வடிவத்துக்குப் பத்து. நெளிந்த காயில் ஒன்று மூன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 6 டன் எடை. மாமாவுக்குப் பிடித்த விஷயம் அதன் கம்பி. மெல்லிய 243 நையோபியம்-டைட்டானியம் இழைகளை ஒரு வடமாக முறுக்கி, 16 மில்லிமீட்டர் சதுர அலுமினியக் கலவை உறைக்குள் வைத்திருக்கிறார்கள். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் திரவ ஹீலியம் ஓடி, மைனஸ் 270 டிகிரிக்குக் குளிர்விக்கும். அந்த உறை சுற்றும்போது மிருதுவாக இருக்கும். 108 சுற்றுச் சுற்றி முடித்த பிறகு சூளையில் வைத்துச் சூடேற்றினால் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் பிசின் ஊற்றி இறுக்கி, எஃகுக் கூட்டுக்குள் அடைக்கவேண்டும். காயில்கள் ஒன்றையொன்று டன் கணக்கில் இழுக்கும், தள்ளும், கூடு அதைத் தாங்கவேண்டும்.

"வார்னிஷ் போட்டு ஓவன்ல வெக்கறாப்லதான்" என்றார் மாமா. அப்படித்தான், கொஞ்சம் செலவு கூட.

கருவியை ஒன்றுசேர்க்க மட்டும் பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பு போயிற்று. 2015-இல் பிளாஸ்மாவைப் போடுவதற்கு முன்பு, கோடுகள் உண்மையிலேயே வரைந்தபடி ஓடுகின்றனவா என்று பார்த்தார்கள். வெற்றிடத்துக்குள் ஒரு மெல்லிய எலக்ட்ரான் கற்றையை ஒரு கோட்டின் வழியாக விட்டு, பட்டால் ஒளிரும் பூச்சுப் பூசிய கம்பியைக் குறுக்கே மெதுவாக அசைத்து, கேமராவைத் திறந்தே வைத்துப் படமெடுத்தார்கள். கோடு சுற்றிச் சுற்றி வந்து படும் இடமெல்லாம் ஒரு ஒளிப்புள்ளி. புள்ளிகள் சேர்ந்து ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய வளையங்கள் தெரிந்தன. வடிவமைப்புக்கும் அளவீட்டுக்கும் வித்தியாசம் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2015 டிசம்பர் 10-ஆம் தேதி முதல் ஹீலியம் பிளாஸ்மா. 2016 பிப்ரவரியில் முதல் ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்குப் பொத்தானை அழுத்தியவர் அங்கேலா மெர்க்கல், அவரே இயற்பியல் படித்தவர். (நெஸ்காயில் மெர்க்கல் வேறு, இவர் வேறு. நான் ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்.)

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. பிரின்ஸ்டனில் என்சிஎஸ்எக்ஸ் என்று ஒரு ஸ்டெல்லரேட்டர் கட்டத் தொடங்கினார்கள். நெளிந்த காயில்கள் 18, மூன்றே வடிவம். காயில்களின் மின்னோட்ட மையம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சரியான இடத்தில் இருக்கவேண்டும் என்று விதித்துக்கொண்டார்கள். காயில்களை எல்லாம் செய்தும் முடித்தார்கள். அவற்றை ஒன்றுசேர்ப்பதற்குள் செலவும் காலமும் எகிற, 2008 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை திட்டத்தையே ரத்து செய்துவிட்டது. சுற்றி முடித்த காயில்கள் கருவியாகாமலே நின்றுவிட்டன. இதைப் படித்தபோது மாமாவின் பட்டறையில், காயில் கட்டி முடித்தும் பணம் கட்டி எடுக்க வராதவர்களின் மோட்டார்கள் வரிசையாக நின்றது நினைவுக்கு வந்தது.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் மறுபடி ஒலிபெருக்கிதான். காயில் பிளாஸ்மாவுக்கு நெருக்கமாக இருந்தால் நுணுக்கம் நன்றாகப் போய்ச் சேரும், கூடவே தப்பும் நன்றாகப் போய்ச் சேரும். தள்ளி வைத்தால் காயிலுக்கு நெளிவு கூடும். மின் நிலையம் கட்டுவதென்றால் தள்ளித்தான் வைத்தாகவேண்டும். இணைவில் தெறிக்கும் நியூட்ரான்களைத் தாங்கவும் எரிபொருளான டிரிட்டியத்தை விளைவிக்கவும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான போர்வை வரவேண்டும். சில பிளாஸ்மா வடிவங்களுக்குக் காயில் ஏன் ஒட்டியே இருக்கவேண்டியிருக்கிறது என்பதை 2024-இல் லாண்ட்ரமன் குழு ஒற்றை அளவுகோலில் அடக்கிக் காட்டியது. புலம் எவ்வளவு குறுகிய தூரத்தில் மாறுகிறதோ, அவ்வளவு நெருக்கமாகக் காயில் வரவேண்டும். காயிலை வரையாமலேயே, பிளாஸ்மா வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது காயில்காரனைக் கொல்லும், இது கொல்லாது என்று சொல்லிவிடலாம். பிளாஸ்மாவுக்குப் பிடித்ததை முதலில் கேட்டுவிட்டுக் காயில்காரனை அப்புறம் கூப்பிட்ட பழைய வரிசை இதனால் மாறிவருகிறது. இப்போது இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எனக்குச் சரியான வழி இதுதான் என்று படுகிறது.

நெளிவே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெறும் நான்கு வட்டக் காயில்களால் ஒரு ஸ்டெல்லரேட்டர் கட்டினார்கள். நடுவில் இரண்டு, சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை. பிரின்ஸ்டனில் மியூஸ் என்ற சிறிய கருவியில் நிலைக்காந்தத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் ஒட்டி, காயில்களைத் தட்டையாகவே விட்டுவிட்டார்கள். மாமாவிடம் இந்த மியூஸைப் பற்றிச் சொன்னேன். ஸ்பீக்கர் காந்தமா என்று கேட்டுவிட்டு ஆர்வம் இழந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உள்வளைவுக்கு மட்டும் தனியாக ஒரு அபராதம் எழுதிச் சேர்த்தேன். இரண்டு இரவு ஓடியது. பிழை முன்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. காயில்கள் மட்டும் உருண்டு திரண்டு சாதுவாக வந்தன. அதையும் அச்சில் எடுத்துக்கொண்டு போனேன். மாமா ஒரு கையால் பிடித்து மறு கையால் பதினைந்து சுற்று, கம்பி எங்கேயும் எழும்பாமல் சுற்றி முடித்து, நூல்கொண்டு கட்டி, முனைகளைக் கத்தரித்து என்னிடம் நீட்டினார். பழைய முரட்டுக் காயிலைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்கவில்லை.

அது இப்போது பட்டறைச் சுவரில், மின்கட்டண அட்டைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. எந்த மோட்டாருங்க இது என்று வருகிறவர்கள் கேட்கிறார்களாம். ஜெர்மனி மோட்டார், இங்கெல்லாம் கட்ட முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம்.